பவர் பிரஸ் பட்டறையில் விரல்களைக் காப்பது எப்படி: இடர் மேலாண்மைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அம்பத்தூர், கோயம்புத்தூர், ஓசூர் ஆகிய இடங்களில் வாகன உதிரிபாகங்களுக்காகத் தகடுகளை வெட்டியும் துளையிட்டும் வளைத்தும் கொடுக்கும் சிறு பட்டறைகளில் நுழைந்தால், வரிசையாக நிற்கும் ‘சி’ வடிவச் சட்டம் கொண்ட பவர் பிரஸ்களைக் காணலாம். இவற்றில் மோட்டார் ஒரு கனமான ஃப்ளைவீலைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஆபரேட்டர் பெடலை மிதித்தவுடன் கிளட்ச் அந்தச் சுழற்சியைக் கிராங்க் தண்டோடு இணைக்கும். மேலும் கீழும் நகரும் பாகமான ரேம் கீழிறங்கி, மேல் அச்சான பஞ்ச்சைக் கீழ் அச்சான டைக்குள் அழுத்தும். நிமிடத்துக்கு 60 அடி அடிக்கும் பிரஸில் ரேம் உச்சியிலிருந்து அடிமட்டத்துக்கு வர அரை விநாடிதான் ஆகிறது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை அசையத் தொடங்குவதற்கே அதில் ஏறக்குறைய பாதி கழிந்துவிடும் என்பதால், “பார்த்து வேலை செய்” என்ற அறிவுரை இந்த இயந்திரத்தின் முன் ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகவே கணக்கில் வராது.

பணியிட இடர் மேலாண்மை என்பதன் பொதுவான வரிசை எல்லாத் தொழில்களுக்கும் ஒன்றுதான்: தீங்கு செய்யக்கூடியவற்றைக் கண்டறிதல், அவற்றின் இடரை மதிப்பிடுதல், கட்டுப்படுத்துதல், கட்டுப்பாடு நிலைத்திருக்கிறதா என்று மீண்டும் மீண்டும் பார்த்தல். பணியிடப் பாதுகாப்பு மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 45001 சொல்வதன் சாரமும் இதுவே. ஆனால் இந்த வரிசையைப் பொதுவாக விளக்கும் பயிற்சி ஏடுகள் படித்தவுடன் மறந்துபோகின்றன. ஆகவே இங்கே பவர் பிரஸ் பட்டறை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுச் செல்வோம்: ரேம் இறங்கும் வேளையில் ஒருவரது கை டைக்குள் போக முடியுமா?

படி 1: பொறுப்பை முடிவு செய்தல்

இயந்திரத்தின் ஆபத்தான பாகங்கள் இயங்கும் வேளையெல்லாம் உறுதியான தடுப்போடு இருக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 21ஆவது பிரிவாக இடம்பெற்றது. 1984 டிசம்பரில் நிகழ்ந்த போபால் பேரழிவுக்குப் பின், 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, தொழிலாளரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் உறுதிசெய்வது தொழிற்சாலையை நடத்துபவரின் பொதுக் கடமை என்று வெளிப்படையாக எழுதப்பட்டது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. பிரிவு எண்கள் மாறினாலும் கடமை முதலாளியிடமே இருக்கிறது. தமிழ்நாட்டில் இதைக் கண்காணிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

சக்தியால் இயங்கும் பட்டறை சட்டப்படி ‘தொழிற்சாலை’ ஆவதற்குப் பழைய சட்டம் 10 தொழிலாளர்களை வரம்பாக வைத்திருந்தது. புதிய தொகுப்பு அதை 20 ஆக உயர்த்தியிருக்கிறது. எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறை இந்த வரம்புக்கு வெளியே நிற்கலாம், ஆனால் ஆட்கள் குறைவு என்பதற்காக ரேம் மெதுவாக இறங்குவதில்லை. இந்த வழிகாட்டியை அத்தகைய பட்டறையின் உரிமையாளரை மனதில் வைத்தே எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு அலுவலர்கள் இருக்கிறார்கள், இவருக்கு இல்லை. அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒவ்வொரு பிரஸுக்கும் எதிரே ஒரு பெயரை எழுதுவது. அந்தப் பிரஸின் கார்டு (கை உள்ளே போகாமல் தடுக்கும் உறை) கழன்றிருந்தால் ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் அந்தப் பெயருக்கு உண்டு என்றும், நிறுத்தியதால் குறைந்த உற்பத்திக்காக அவரிடம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்றும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும்.

படி 2: தளத்தில் நின்று கண்டறிதல்

இடர்ப் பட்டியலை அலுவலக மேசையில் தயாரிக்க முடியாது. பகல் ஷிஃப்டில் ஒரு முறையும், இரவு ஷிஃப்டின் பிற்பாதியில் ஒரு முறையும் பிரஸின் அருகே நின்று, வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தகடு வைப்பது, அடிப்பது, அடித்த பீஸை எடுப்பது, ஸ்கிராப்பைத் தள்ளுவது என்பவை எல்லோருக்கும் நினைவில் வருபவை. ஒட்டிக்கொண்ட பீஸை விரலால் நெம்புவது, டைக்கு எண்ணெய் தடவுவது, டை மாற்றுவது, முதல் பீஸை அளந்துவிட்டு மீண்டும் சரிசெய்வது, பெல்ட் இறுக்குவது ஆகியவை பட்டியலில் விடுபட்டுப்போகும். தடுப்பைக் கழற்றிவைத்துச் செய்யும் வேலைகளும் பெரும்பாலும் இவையே.

ஆபரேட்டரிடம் “இங்கே ஆபத்து இருக்கிறதா?” என்று கேட்டால் “ஒன்றும் இல்லை” என்றுதான் பதில் வரும். “இந்த ஜாபில் எந்த இடத்தில் பீஸ் மாட்டிக்கொள்கிறது? மாட்டினால் எப்படி எடுக்கிறீர்கள்? இந்த பிரஸ் எப்போதாவது தானாக அடித்திருக்கிறதா?” என்று கேட்டால் உண்மை வெளிவரும். தானாக இரண்டாவது அடி அடிப்பதைப் பட்டறையில் ‘டபுள் அடிக்கிறது’ என்பார்கள். அப்படி ஒரு முறை நேர்ந்ததாக யார் சொன்னாலும், அந்தப் பிரஸை அப்போதே நிறுத்திவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

முதலுதவிப் பதிவேடு, ஈ.எஸ்.ஐ. விபத்து அறிக்கைகள், பராமரிப்புப் பதிவேடு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் படிப்பதும் பயனளிக்கும். கிளட்ச் ஸ்பிரிங் மாற்றிய தேதிக்கு முந்தைய வாரங்களில் முதலுதவிப் பதிவேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மெதுவாக வரும் தீங்குகள் தப்பிவிடும். தகட்டிலிருந்து துண்டுகளை வெட்டியெடுக்கும் பிளாங்கிங் பிரஸ்களின் இரைச்சல் அவற்றில் முதன்மையானது. இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் இரைச்சல் சுமார் 85 டெசிபலைத் தொட்டிருக்கும் என்றும், ஒரு மீட்டர் தொலைவிலேயே கத்த வேண்டியிருந்தால் 90ஐ எட்டியிருக்கும் என்றும் கொள்ளலாம். நம் நாட்டு விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபலையும், 95 டெசிபல் என்றால் நான்கு மணி நேரத்தையும் எல்லையாக வைக்கின்றன. காது கேட்கும் திறனைக் காக்க 85க்குள் நிற்பதே நல்லது. இழந்த கேட்புத்திறன் திரும்பி வராது. இத்துடன், வெட்டிய தகட்டின் விளிம்பில் நிற்கும் கூரான பர் கிழிக்கும் கைகள், எண்ணெயால் வரும் தோல் அரிப்பு, டையைக் கையால் தூக்குவதால் இடுப்பில் ஏறும் சுமை, தகரக் கூரையின் கீழ்க் கோடை வெப்பம் ஆகியவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: இடரை மதிப்பிடுதல்

விளைவின் கடுமைக்கு ஒன்று முதல் ஐந்து வரை, நிகழும் வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கொடுத்து, இரண்டையும் பெருக்கி வரிசைப்படுத்துவது பழகிய முறை. வேலைகளை முன்பின்னாக அடுக்க அது உதவும். ஆனால் எண்ணைக் குறைத்துக் காட்டுவதற்கும் அதே முறை இடம் கொடுக்கிறது. “பயிற்சி கொடுத்துவிட்டோம், ஆகவே வாய்ப்பு நான்கிலிருந்து இரண்டாகிவிட்டது” என்று எழுதப்பட்ட தாள்கள் எத்தனையோ கோப்புகளில் இருக்கின்றன. இயந்திரத்தில் எதுவும் மாறாதபோது மதிப்பெண் மட்டும் மாறுவதை நான் ஏற்பதில்லை.

“இருபது வருடமாக ஓட்டுகிறோம், ஒன்றும் நடக்கவில்லை” என்ற வாதத்தைக் கணக்கால் சோதித்துப் பார்க்கலாம். ஒரு ஷிஃப்டில் 5,000 பீஸ் அடிக்கும் ஆபரேட்டரின் கை, ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று கொண்டால், 15 லட்சம் முறை டைக்குள் போய் வருகிறது. பத்து லட்சத்தில் ஒரு முறை மட்டுமே தவறும் அளவுக்கு அவர் தேர்ந்தவர் என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு ஒரு தவறுக்கு மேல் கணக்கில் வருகிறது. எந்த மனிதரிடமும் இதைவிடக் கூடுதலான கவனத்தை எதிர்பார்க்க முடியாது. ஆகவே டைக்குள் கை போகும் ஒவ்வொரு ஜாபிலும் வாய்ப்புக்கு உயர்ந்த மதிப்பெண்ணே கொடுக்கப்பட வேண்டும்.

கடுமையைப் பொறுத்தவரை சட்டமே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, ஒரு கட்டைவிரல் இழப்பைச் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பாகவும், முழு ஆள்காட்டி விரலை 14 விழுக்காடாகவும், ஒரு கையின் நான்கு விரல்களை 50 விழுக்காடாகவும் கணக்கிட்டது. இருபத்திரண்டு வயதில் கட்டைவிரலை இழந்தவர் மீண்டும் டையை மாற்றிப் பொருத்தும் டை செட்டராக வேலை தேடும்போது அவருக்கு உண்மையில் எத்தனை விழுக்காடு மிஞ்சுகிறது என்பது வேறு கணக்கு.

படி 4: கட்டுப்படுத்துதல்

கட்டுப்பாடுகளுக்கு ஒரு படிநிலை உண்டு: ஆபத்தையே நீக்குவது, அதற்குப் பதில் குறைந்த ஆபத்துள்ள ஒன்றை வைப்பது, பொறியியல் தடுப்பு, நடைமுறை விதிகள், கடைசியாகக் கையுறை, காதடைப்பான் முதலிய தற்காப்பு உபகரணங்கள். மேலே இருப்பவை ஆபரேட்டர் களைத்திருந்தாலும் காக்கும். கீழே இருப்பவை அவர் தவறாமல் நடந்துகொண்டால் மட்டுமே காக்கும். பட்டறைகளில் பணம் குறைவாகச் செலவாகும் என்று கீழிருந்து தொடங்குவதே வழக்கமாக இருக்கிறது. மேலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதிக எண்ணிக்கையில் ஓடும் ஜாபாக இருந்தால், காயில் எனப்படும் தகட்டுச் சுருளிலிருந்து தானாகத் தகடு நகரும் ஃபீடரையும், பல நிலைகளை ஒரே டையில் முடிக்கும் புரோகிரசிவ் டையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கை உள்ளே போகும் தேவையே அங்கு இல்லை. உற்பத்தி வேகமும் கூடுவதால் முதலீடு திரும்பி வரும். எண்ணிக்கை மிகக் குறைவான ஜாபாக இருந்தால், பிளாங்கை, அதாவது வெட்டியெடுத்த தகட்டுத் துண்டை, லேசர் வெட்டும் இடத்தில் கொடுத்து வாங்கிவிட்டு, அந்த நிலையையே பிரஸிலிருந்து எடுத்துவிடலாம். இடைப்பட்ட எண்ணிக்கையில்தான் சிக்கல், பெரும்பாலான பட்டறைகள் நிற்பதும் அங்கேதான்.

அங்கே முதலில் யோசிக்க வேண்டியது மூடிய டை. பஞ்ச்சுக்கும், அதில் ஒட்டும் பீஸை விடுவிக்கும் ஸ்டிரிப்பர் தகட்டுக்கும் இடையே விரல் நுழைய இடமில்லாதபடி, திறந்திருக்கும் இடைவெளி 6 மி.மீ.க்கு மேல் போகாமல் டையை வடிவமைத்தால், அந்த டைக்குத் தனியாக எந்தக் கருவியும் தேவையில்லை. அது முடியாதபோது, டையைச் சுற்றி நிலையான கார்டு பொருத்தி, தகடு உள்ளே போவதற்கு மட்டும் ஒரு பிளவு விட வேண்டும். பிளவின் அகலத்துக்கும், அது டையிலிருந்து இருக்க வேண்டிய தொலைவுக்கும் தொடர்பு உண்டு. ஐ.எஸ்.ஓ. 13857 தரநிலைப்படி 6 மி.மீ. வரையிலான பிளவு டையிலிருந்து 10 மி.மீ. தள்ளி இருந்தால் போதும்; 12 முதல் 20 மி.மீ. வரையிலான பிளவு என்றால் குறைந்தது 120 மி.மீ. வேண்டும், 20 மி.மீ.யைத் தாண்டிவிட்டால் கை முழுவதுமே உள்ளே போகும் என்பதால் தொலைவு 850 மி.மீ. ஆகிவிடும். கார்டு இருக்கிறது, ஆனால் அதன் பிளவு வழியாகவே விரல் டையைத் தொடுகிறது என்ற நிலையை இந்த எண்களை வைத்து அளந்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம். கார்டைக் கையால் கழற்றக்கூடிய திருகில் பொருத்தாமல், ஸ்பேனர் இருந்தால் மட்டுமே கழலும்படி பொருத்தி, அந்த ஸ்பேனரை டை செட்டரிடம் வைக்க வேண்டும்.

இனி, வணிகர்கள் பரிந்துரைக்கும் மின்னணுக் கருவிகளைப் பார்ப்போம். இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. பழைய பிரஸ்களில் பெரும்பாலானவை கீ கிளட்ச் வகையைச் சேர்ந்தவை. ஃப்ளைவீலையும் கிராங்கையும் இணைக்கும் உலோகத் துண்டான கீ ஒரு முறை பற்றிவிட்டால் கிராங்க் ஒரு முழுச் சுற்றை முடித்தே தீரும். நடுவில் நிறுத்த வழி இல்லை. இத்தகைய பிரஸில், ஒளிக்கதிர்களைக் கை மறைத்ததும் நிறுத்தச் சொல்லும் லைட் கர்ட்டன் என்ற கருவியைப் பொருத்தினால், அடி தொடங்கிய பிறகு கை குறுக்கே வந்ததை அது கண்டறியும், விளக்கு எரியும், ரேம் இறங்கிக்கொண்டே இருக்கும். தணிக்கைக்கு வருபவருக்கு அது பாதுகாப்பாகத் தெரியும். ஆபரேட்டரும் அதை நம்பிக் கையை முன்பைவிடத் துணிச்சலாக நீட்டுவார். லைட் கர்ட்டன் வேலை செய்வது, எந்த இடத்திலும் ரேமை நிறுத்தக்கூடிய காற்றழுத்த உராய்வு கிளட்சும் பிரேக்கும் உள்ள பிரஸிலும், ஹைட்ராலிக் பிரஸிலும்தான்.

அங்கேயும் அதை எங்கே பொருத்துவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 13855 தரநிலையின்படி, பிரஸ் நிற்க ஆகும் மொத்த நேரத்தைக் கை நகரும் வேகத்தால் பெருக்க வேண்டும். அருகில் பொருத்தும் கர்ட்டனுக்கு அந்த வேகம் விநாடிக்கு 2,000 மி.மீ. எனக் கொள்ளப்படுகிறது. மொத்த நிறுத்த நேரம் 0.2 விநாடி என்றால், 14 மி.மீ. தடிமனுள்ள பொருளைக்கூடக் கண்டறியும் நுட்பமான கர்ட்டனே டையிலிருந்து 400 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். பிரேக் தேயத் தேய நிறுத்த நேரம் கூடும். எனவே பொருத்தியபோது சரியாக இருந்த தொலைவு ஒரு வருடம் கழித்துப் போதாமல் போகலாம். நிறுத்த நேரத்தை அளந்து தேதியுடன் எழுதி வைக்காத பட்டறைக்கு லைட் கர்ட்டனின் விலை வீண்.

இரண்டு கைகளாலும் ஒருசேர அழுத்தினால்தான் பிரஸ் அடிக்கும்படி வைக்கும் இரு கைப் பொத்தான்களுக்கும் இதே சோதனை உண்டு. கீ கிளட்ச் ஒரே இடத்தில் மட்டும் பற்றும் வகையாக இருந்து, பிரஸ் நிமிடத்துக்கு 60 அடி அடித்தால், பொத்தானை அழுத்திய பிறகு கீ பற்றுவதற்கு அதிகபட்சம் ஒரு விநாடியும், ரேம் இறங்க அரை விநாடியும் ஆகலாம். கை விநாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் நகரும் என்று கொண்டால், பொத்தான்கள் டையிலிருந்து 2.4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பீஸை வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் யாரும் நடக்கப்போவதில்லை. ஆகவே மெதுவான கீ கிளட்ச் பிரஸில் கைக்கெட்டும் தூரத்தில் பொருத்திய இரு கைப் பொத்தான்கள் பாதி பாதுகாப்புகூட அல்ல. அத்தகைய பிரஸுக்கு உண்மையில் பொருந்துபவை மூன்று: மூடிய டை அல்லது நிலையான கார்டு, மூடிய பிறகே கிளட்சை இயங்கவிட்டு, ரேம் மேலேறி முழுமையாக நிற்கும் வரை திறக்காத இன்டர்லாக் கதவு, பீஸைக் கை வெளியிலேயே வைத்து உள்ளே தள்ளும் நகரும் டை.

உராய்வு கிளட்ச் பிரஸில் இரு கைப் பொத்தான்களைப் பயன்படுத்தும்போது, இரண்டும் அரை விநாடிக்குள் ஒன்றாக அழுத்தப்பட வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் இரண்டையும் விட்டு மறுபடி அழுத்த வேண்டும் என்றவாறு மின்சுற்று அமைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பொத்தானில் டேப் ஒட்டியோ குச்சி செருகியோ ஒரு கையால் ஓட்டத் தொடங்கிவிடுவார்கள். பெரிய தகட்டுக்கு ஹெல்பர் ஒருவர் எதிர்ப்பக்கம் நின்று பிடித்தால், அவருக்கும் தனியாக ஒரு ஜோடிப் பொத்தான் இருந்தாக வேண்டும். ஆபரேட்டரின் பொத்தான் ஹெல்பரின் கையைக் காக்காது. பெடலில் ஓடும் பிரஸில், மேலிருந்து எதுவும் விழுந்தாலோ தெரியாமல் கால் பட்டாலோ அழுந்தாதபடி பெடலுக்கு மூடி இருக்க வேண்டும்.

கீ தேய்ந்தாலோ, அதன் ஸ்பிரிங் உடைந்தாலோ, பிரேக் லைனிங்கில் எண்ணெய் ஏறித் தளர்ந்தாலோ பிரஸ் டபுள் அடிக்கும். ஆபரேட்டர் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, ரேம் மேலே போய்விட்டது என்ற நம்பிக்கையில் பீஸை எடுக்கக் கையை விடும் கணத்தில் அது நிகழ்கிறது. அவர் செய்த எதிலும் தவறில்லை. மேலே சொன்ன பொத்தான்கள் இந்த அடியிலிருந்து காக்காது; மூடிய டையும் நிலையான கார்டும் காக்கும். முதலில் அவற்றை யோசிக்கச் சொன்னதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஒட்டிய பீஸை எடுக்க நீண்ட இடுக்கி, காந்தக் குச்சி, வெற்றிடக் கப் போன்றவற்றைக் கொடுங்கள். டைக்குள் சிக்கினால் பஞ்ச் உடையாதபடி அவை அலுமினியம் போன்ற மென்மையான உலோகத்தில் இருக்கட்டும். பீஸ் ஒட்டுவதற்கே காரணம் தேய்ந்த ஸ்டிரிப்பர் ஸ்பிரிங் என்றால், இடுக்கி வாங்குவதற்கு முன் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். கையுறை தகட்டின் விளிம்பிலிருந்து காக்கும், ரேமிடமிருந்து காக்காது. பக்கத்தில் இருக்கும் டிரில்லிங் இயந்திரத்திலோ அதுவே சுழலும் முனையில் சிக்கிக் கையை இழுத்துவிடும் என்பதால் அங்கே அணியக் கூடாது. இரைச்சலுக்குக் காதடைப்பான் கொடுப்பதோடு நிறுத்தாமல், பிரஸின் அடியில் அதிர்வுறிஞ்சும் தாங்கிகள் வைப்பது, பஞ்ச் முனையைச் சாய்வாகத் தீட்டி அடியின் விசையைப் பரவலாக்குவது, ஸ்கிராப் விழும் தகரத் தொட்டிக்கு ரப்பர் விரிப்பது ஆகியவற்றைச் செய்து பாருங்கள்.

படி 5: டை மாற்றும் வேளை

டை செட்டர்தான் பட்டறையிலேயே அதிக நேரம் கையை ரேமின் கீழே வைத்திருப்பவர். அவருக்கு எழுதப்பட்ட வரிசை ஒன்று வேண்டும். மோட்டாரை நிறுத்தியவுடன் ஃப்ளைவீல் நின்றுவிடாது. அதில் தேங்கிய ஆற்றல் ஓர் அடியை அடிக்கப் போதுமானது. ஆகவே அது முழுமையாக நிற்கும் வரை காத்திருந்து, மெயின் சுவிட்சை அணைத்துத் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்றழுத்தக் கிளட்ச் என்றால் குழாயில் உள்ள காற்றையும் வெளியேற்ற வேண்டும். பிறகு ரேமுக்கும் பிரஸின் கீழ்ப் படுக்கைக்கும் இடையே பாதுகாப்புக் கட்டையை நிறுத்த வேண்டும். அந்தக் கட்டையைத் தாங்கியிலிருந்து எடுத்தாலே மின்சாரம் துண்டிக்கப்படும்படி ஒரு பிளக்கை அதோடு இணைத்துவிட்டால், கட்டையை மறந்து உள்ளே விட்டுவிட்டு பிரஸை ஓட்டும் விபத்தும் நேராது.

இரண்டு பேர் சேர்ந்து டை மாற்றினால் இரண்டு பூட்டுகள். பூட்டு ஒன்றுக்குச் செலவு சில நூறு ரூபாய்தான்.

டை பொருத்தியபின் முதல் அடியை ஃப்ளைவீலைக் கையால் திருப்பியோ, ரேமைச் சிறிது சிறிதாக நகர்த்தும் இன்சிங் முறையிலோ அடித்துப் பார்க்க வேண்டும். கார்டைத் திரும்பப் பொருத்தி, வேறொருவர் அதைப் பார்த்துக் கையெழுத்திட்ட பின்னரே பிரஸ் ஆபரேட்டரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

படி 6: எழுதுதலும் சொல்லிக்கொடுத்தலும்

மதிப்பீட்டுத் தாளில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் செய்பவர் பெயரும் முடிக்கும் தேதியும் இருக்க வேண்டும். “விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்” என்பது போன்ற வரிகளை அடித்துவிடலாம். “பிரஸ் எண் 4க்கு நிலையான கார்டு, டூல் ரூம் பொறுப்பாளர், இந்த மாதம் 20ஆம் தேதி, அதுவரை அந்த ஜாப் ஓடாது” என்பது கட்டுப்பாடு.

பீகார், ஒடிசா, அசாம் மாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் இப்பட்டறைகளில் நிறைய இருக்கிறார்கள். தமிழில் அச்சிட்ட அறிவிப்புப் பலகை அவர்களுக்கு உதவாது. அவர்கள் மொழி தெரிந்த மூத்த தொழிலாளி ஒருவரைக் கொண்டு, இயந்திரத்தின் முன்னாலேயே செய்துகாட்டி, பிறகு அவர்களைச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். பீஸ் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்பதை முதல் நாளே கற்பிக்க வேண்டும். ஹெல்பராகச் சேர்ந்தவரை, ஆபரேட்டர் வராத நாளில் பிரஸில் உட்காரவைக்கும் பழக்கத்தை உரிமையாளர் நேரடியாகத் தடுத்தால்தான் நிற்கும்.

பீஸ் ரேட் கூலியைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது. அடித்த எண்ணிக்கைக்கு மட்டுமே கூலி என்றால், கார்டு நிமிடத்துக்கு இரண்டு பீஸைக் குறைக்கிறது என்று தெரிந்த நாளே அது கழற்றப்படும். கார்டுடன் எத்தனை அடிக்க முடிகிறதோ அந்த எண்ணிக்கையை அடிப்படையாக வைத்து ரேட்டை மறுபடி நிர்ணயிப்பதும் ஒரு பாதுகாப்பு நடவடிக்கைதான்.

படி 7: விபத்து நேர்ந்தால்

முன்னதாக முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. கை டையில் சிக்கினால் ரேமை எப்படி மேலேற்றுவது என்பது பிரஸுக்குப் பிரஸ் மாறும். ஒவ்வொன்றுக்கும் உற்பத்தியாளரின் கையேட்டைப் பார்த்து முறையை எழுதி, தேவையான கம்பியையும் ஸ்பேனரையும் பக்கத்திலேயே தொங்கவிட வேண்டும். பதற்றத்தில் யாராவது பெடலை மிதித்து ரேமை மேலேற்ற முயன்றால், அது மறுபடி ஒரு சுற்று அடித்துவிடும். இரண்டாவது, கை நுண் அறுவை சிகிச்சை வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனை எது என்பதைத் தெரிந்து, அதன் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வைப்பது.

விரல் துண்டானால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைக்க வேண்டும். துண்டான பகுதியை ஈரமான சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து நோயாளியுடனேயே அனுப்ப வேண்டும். விரலை நேரடியாகப் பனிக்கட்டியிலோ தண்ணீரிலோ போட்டால் திசு கெட்டு, மீண்டும் இணைக்கும் வாய்ப்புக் குறையும்.

மரணம் நேர்ந்தாலோ, காயத்தால் 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனாலோ அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது கட்டாயம் என்பது தொழிற்சாலைகள் சட்டத்தின் காலத்திலிருந்தே உள்ள விதி. ஈ.எஸ்.ஐ.யில் பதியாதவரை, அடிபட்ட பிறகு அவசரமாகப் பதியும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது சட்டத்தை மீறுவதோடு, அடிபட்டவரின் உரிமையையும் பின்னால் கேள்விக்குள்ளாக்கும். சேர்ந்த நாளிலேயே பதிவு செய்துவிடுங்கள்.

விசாரணை அறிக்கையில் “தொழிலாளியின் கவனக்குறைவு” என்று எழுதியதும் தாளை மூடிவிடுவது எளிது. அந்த வரிக்கு அடுத்ததாகக் கேட்க வேண்டியவை: கவனம் தவறிய கணத்தில் கை டைக்குள் போக முடிந்தது ஏன்? கார்டு இருந்ததா? இருந்தால் கழற்றியது யார், எதற்காக? எத்தனை மணி நேரமாக அவர் வேலையில் இருந்தார்? ஹரியானாவின் வாகன உதிரிபாகப் பட்டறைகளில் அடிபட்டவர்களுடன் பணிபுரியும் ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பின் அறிக்கைகளும், பாதுகாப்புக் கருவி இல்லாத, அல்லது வேலை செய்யாத பவர் பிரஸ்களையே விரலிழப்பின் முதன்மைக் காரணமாகக் காட்டிவருகின்றன.

படி 8: மீண்டும் பார்த்தல்

புதிய டை, புதிய பிரஸ், தடிமன் மாறிய தகடு, நிகழ்ந்த விபத்து, மயிரிழையில் தப்பிய நிகழ்வு, புதிதாக ஆட்கள் சேர்ந்தது ஆகிய எதுவும் மதிப்பீட்டைத் திருத்தக் காரணமாகும். எதுவும் மாறாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை பாருங்கள். கார்டையும் கிளட்சையும் பார்ப்பதற்கு பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு விதிகள் வைத்திருக்கும் இடைவெளி நல்ல வழிகாட்டியாக அமையும்: டை பொருத்திச் சரிசெய்தபின் ஒரு சோதனை, ஒவ்வொரு ஷிஃப்டிலும் முதல் நான்கு மணி நேரத்துக்குள் ஒரு சோதனை, நிலையான கார்டு மட்டும் உள்ள பிரஸுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையும் மற்றவற்றுக்கு 6 மாதத்துக்கு ஒரு முறையும் தகுதியானவரின் முழு ஆய்வு. அன்றாடச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும்: கார்டு இறுக்கமாக இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, ஒரு மிதிக்கு ஒரு அடிதானா, பெடல் மூடி இருக்கிறதா, அவசர நிறுத்தம் வேலை செய்கிறதா.

கடைசியாக, பட்டறைக்கு வெளியே இருக்கும் ஓர் ஓட்டை. பெரிய நிறுவனங்கள் தங்கள் டையைக் கொடுத்து ஜாப் ஒர்க்காக அடித்து வாங்குகின்றன; அடுத்த நிலையில் அந்தப் பட்டறையே சிறிய பட்டறைக்குத் தள்ளிவிடுகிறது. டை எந்தப் பிரஸில் ஏறும் என்று அதை வடிவமைத்தவருக்குத் தெரிவதில்லை, கார்டுக்கு இடம் விட்டிருக்கிறதா என்று வாங்குபவர் கேட்பதுமில்லை. புதிய டைக்கு ஆர்டர் எடுக்கும்போதே எந்த வகைக் கிளட்ச் உள்ள பிரஸில் ஓடப்போகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி, டையின் வரைபடத்திலேயே கார்டையும் வரைந்து, அதன் செலவையும் டையின் விலையோடு சேர்த்துப் பேசி முடித்துவிடுங்கள். டை வந்து சேர்ந்த பிறகு கார்டுக்காகத் தனியாகப் பணம் கேட்டால் எந்த வாடிக்கையாளரும் தருவதில்லை.